டெலிபோனுக்குக் காது உண்டா?

குயவரிடம் வாங்கின பானை ஒழுகினால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, "நீரே பாரும்!" என்று சொல்லலாம். சட்டை தோளில் இறுக்கினால், அதைப் போட்டுக்கொண்டு தையற்காரர் எதிரில் போய் நிற்கலாம். பால் தண்ணீராக இருந்தால் பால்காரரை வாசலிலேயே நிறுத்தி நியாயம் கேட்கலாம். வீட்டு டெலிபோன் ஒன்றுதான் விசித்திரமான பண்டம். அது கெட்டுப் போனால், கெட்டுப் போயிற்று என்று தெரிவிப்பதற்கே இன்னொரு டெலிபோன் வேண்டும்!

198 என்ற எண்ணை மறக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெலிபோன் பழுதானால் புகார் சொல்ல வேண்டிய எண் அது. அடுத்த வீட்டுக்குப் போய், "மாமி, எங்கள் போன் செத்துப் போச்சு, ஒரு நிமிஷம் பேசிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு, 198-ஐச் சுழற்றி, அது 'எங்கேஜ்டு' என்று தெரிந்து, மறுபடி சுழற்றி, கடைசியில் ஒரு குரல் வந்து புகார் எண் ஒன்றைக் கொடுக்கும். அந்த எண்ணைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். அதன் பிறகு லைன்மேன் வருகிற நாள் கடவுளுக்கும் லைன்மேனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் கொண்டு சேர்ப்பதற்காகவே பிறந்த கருவி அது. ஆனால் தன் எஜமானர் சொல்லும் குறையைக் கேட்பதற்கு அதற்குக் காது இருந்ததா? டெலிபோனின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியோடு புரட்டிப் பார்த்தால் ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது.

அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் தம்முடைய கருவிக்குப் பேடண்ட் உரிமை பெற்றது 1876-ஆம் வருஷம் மார்ச் மாதம். இரண்டு வருஷத்துக்குள்ளேயே, 1878 ஜனவரியில், அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 21 சந்தாதாரர்களோடு முதல் வியாபார எக்ஸ்சேஞ்சு தொடங்கிவிட்டது. மறு மாதமே டெலிபோன் டைரக்டரியும் வெளிவந்தது. டைரக்டரி என்றால் தலையணை பருமனுக்குப் புத்தகம் என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு தாள். அதில் 50 பெயர்கள். எண்கள் கிடையாது. "இன்னார் வீட்டுக்கு வேண்டும்" என்று பெயரைச் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் இணைத்துவிடுவார். பிறகு லோவெல் என்ற ஊரில் மணல்வாரி அம்மை பரவியபோது, எக்ஸ்சேஞ்சு ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் புது ஆட்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற யோசனை ஒரு டாக்டருக்கு வந்தது. ஆளுக்கு ஓர் எண் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. "கௌரவமான மனிதர்களை எண்ணால் குறிப்பதா?" என்று சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று கம்பெனிக்காரர்கள் பயந்தார்களாம்.

சந்தாதாரர்கள் உண்மையில் கோபித்துக்கொண்டது வேறு விஷயத்துக்காக. ஆரம்பத்தில் எக்ஸ்சேஞ்சுகளில் வேலை பார்த்தவர்கள் தந்தி ஆபீஸிலிருந்து வந்த விடலைப் பையன்கள். தந்திக் கருவியோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களே தவிர, மனிதர்களோடு பேசிப் பழகியவர்கள் அல்ல. சந்தாதாரர்களைத் திட்டுவது, எதிர்த்துப் பேசுவது, ஒருவருடைய இணைப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்து வேடிக்கை பார்ப்பது எல்லாம் நடந்தன. புகார்கள் குவிந்தன. 1878 செப்டம்பர் 1-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் எம்மா நட் என்ற பெண்மணி வேலைக்கு அமர்த்தப்பட்டார். உலகத்தின் முதல் பெண் ஆபரேட்டர் அவர்தான். அவருடைய அமைதியான குரலைக் கேட்ட பிறகு, பையன்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். டெலிபோன் துறையில் பெண்களுக்குக் கதவு திறந்தது அதிக தாராள மனத்தினால் அல்ல, வாடிக்கைக்காரர்களின் புகாரினால்தான்.

இன்னொரு புகார் உலகத்தையே மாற்றிவிட்டது. கான்ஸாஸ் சிடி என்னும் ஊரில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர் இருந்தார். இறந்து போனவர்களின் கடைசிக் காரியத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் சாவு விழுகிறது. ஆனால் தமக்கு டெலிபோன் மட்டும் வருவதில்லையே என்று அவர் கவலைப்பட்டார். தம்மைக் கேட்டு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகம் அவருக்கு உண்டாயிற்று. அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கலாம். சந்தேகம் மட்டும் நிஜம். ஸ்ட்ரௌஜர் புகார் எழுதிக் களைத்துப் போன பிறகு, ஆபரேட்டரே வேண்டாம் என்று முடிவு கட்டினார். சந்தாதாரர் தம் வீட்டிலிருந்தபடியே எதிராளியின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் யந்திரம் ஒன்றை வகுத்தார். 1891-ல் அதற்குப் பேடண்ட் கிடைத்தது. 1892 நவம்பரில் இண்டியானா மாகாணத்தில் லா போர்ட் என்ற ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு வேலை செய்யத் தொடங்கியது. பெண் இல்லாத, திட்டு இல்லாத, பழுது இல்லாத, காத்திருத்தல் இல்லாத டெலிபோன் என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். அந்த 'ஸ்ட்ரௌஜர்' யந்திரங்கள்தான் பின்னால் நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகளிலும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வாடிக்கைக்காரரின் மனத்தாங்கல் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்திருக்கிறது, பாருங்கள்!

நம் நாட்டுக்கு டெலிபோன் வந்ததில் தாமதம் ஒன்றும் இல்லை. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற இங்கிலாந்துக் கம்பெனிக்கு 1881-ல் அனுமதி கொடுக்கப்பட்டது. 1882 ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் டெலிபோன் சேவை சம்பிரமமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. கல்கத்தா எக்ஸ்சேஞ்சில் அப்போது 93 சந்தாதாரர்கள். சென்னையில் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில் எக்ஸ்சேஞ்சு அமைந்தது. வியாபாரிகளும் கம்பெனிகளும் அதிகாரிகளும்தான் முதல் சந்தாதாரர்கள். முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு 1913-14-ல் சிம்லாவுக்குப் போயிற்று. வெயில் காலத்தில் சர்க்கார் குடியேறும் ஊர் அது. கருவி யாருக்காக வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1943-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா டெலிபோன் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. சுதந்திரம் வந்தபோது இந்தியா முழுவதிலும் ஒரு லட்சம் டெலிபோன்கள்கூட இல்லை. 1948-ல் பெங்களூரில் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. ஆனாலும் அணைகளும் எஃகு ஆலைகளும் காத்திருந்த தேசத்தில் டெலிபோன் என்பது ஆடம்பரம் என்றே கணக்கு வைக்கப்பட்டது. கணக்கில் அது நியாயமாக இருந்திருக்கலாம். மத்தியதரக் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு எப்படி இருந்தது?

மனுப் போட வேண்டும். முன்பணம் கட்ட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மகன் எஸ். எஸ். எல். சி. படிக்கும்போது போட்ட மனுவுக்கு, அவனுக்குப் பெண் பார்க்கும்போது பதில் வந்தால் அதிர்ஷ்டம். அதிகப் பணத்தை முன்னதாகக் கட்டினால் வேறு வரிசையில் நிற்கலாம் என்று 'சொந்த டெலிபோன்' திட்டம் ஒன்றும் இருந்தது. அந்த வரிசையும் நீண்டது. டாக்டர்களுக்கு ஒரு வரிசை, பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வரிசை, தெரிந்தவர்களைத் தெரிந்தவர்களுக்கு எழுதப்படாத ஒரு வரிசை.

டெலிபோன் இல்லாதவர்களும் டெலிபோன் எண் வைத்திருந்தார்கள் என்பது நம்முடைய தனிச் சாமர்த்தியம். விஸிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து அச்சடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு எண் என்று அர்த்தம். "கொஞ்சம் மாடி வீட்டு ராஜத்தைக் கூப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு எதிர்முனையில் காத்திருப்பார்கள். அந்த வீட்டுக் குழந்தை மாடிப்படியில் ஓடும். ராஜம் தலையை முடிந்துகொண்டு இறங்கி வருவாள். ஒரு டெலிபோன் ஒரு தெருவுக்கே சேவகம் செய்தது.

இந்த உபகாரத்தினால் ஒரு விபரீதமும் விளைந்தது. ஸ்ட்ரௌஜருக்குப் பிறகு 'கிராஸ்பார்' என்ற புதுவகை எக்ஸ்சேஞ்சுகள் 1960-களில் நம் நாட்டுக்கு வந்தன. ஐரோப்பாவில் வீட்டுக்கு ஒரு டெலிபோன் இருக்கும். ஒரு டெலிபோனில் நாளைக்குச் சில பேச்சுகள்தாம். அந்த அளவுக்கு வகுத்த யந்திரம் அது. இங்கேயோ ஒரு டெலிபோனில் பத்துக் குடும்பம் பேசிற்று. காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கையில் எடுப்பார்கள். யந்திரம் திணறிற்று. இணைப்புக் கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். திணறல் இன்னும் அதிகமாயிற்று. டெலிபோன் குறைவாக இருந்ததே டெலிபோன் கெட்டுப் போவதற்குக் காரணமாயிற்று.

மழை வந்தால் வேறு சங்கடம். பூமிக்கு அடியில் ஓடும் பழைய கேபிளுக்கு மேலே ஈய உறை. உள்ளே நூற்றுக்கணக்கான செப்புக் கம்பிகள். கம்பிக்குக் கம்பி தொடாமல் இருப்பதற்குச் சுற்றப்பட்டது வெறும் காகிதம். குழாய் போடுகிறவர் தோண்டினாலும், சாலை போடுகிறவர் தோண்டினாலும் உறையில் ஒரு கீறல் விழும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் காகிதம் ஊறும். அப்புறம் ஒரு தெருவே ஊமையாகிவிடும். ஊமையாகாத டெலிபோன்களில் யாரோ இருவர் நெல் விலை பேசுவது நமக்குக் கேட்கும். கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குப் பேச்சு பேருதவி. எத்தனையோ கதாநாயகர்கள் வில்லனின் சதியை 'கிராஸ் டாக்'கில்தான் கேட்டார்கள்!

வெளியூருக்குப் பேசுவதற்கு டிரங்க் கால் 'புக்' செய்ய வேண்டும். சாதாரணம் என்றால் காத்திருக்கலாம். 'அர்ஜெண்ட்' என்றால் இரண்டு மடங்கு கட்டணம். 'லைட்னிங்' என்ற மின்னல் அழைப்புக்குப் பல மடங்கு. மதுரையில் தாயார் உடம்பு எப்படி இருக்கிறது என்று காலையில் பதிவு செய்தவர் சாயங்காலம் வரை கருவியைவிட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் பேசத் தொடங்குவார். "ஹலோ! ஹலோ! கேட்கிறதா?" என்பதிலேயே மூன்று நிமிஷம் தீர்ந்துவிடும். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூருக்குச் சுழற்றும் எஸ். டி. டி. வசதி முதல் முதலாக வந்தது. மெள்ள மெள்ள மற்ற ஊர்களுக்கும் பரவிற்று. காத்திருக்கும் துன்பம் குறைந்தது. பில் வரும் துன்பம் பிறந்தது.

பில்லைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மின்சார மீட்டர் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. ஓடுவதை நாமே பார்க்கலாம். டெலிபோன் மீட்டரோ எக்ஸ்சேஞ்சில் இருந்தது. ஆயிரக்கணக்கான சிறு மீட்டர்கள் வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட நாளில் அவற்றைப் போட்டோ எடுப்பார்கள். இந்தப் படத்தில் உள்ள எண்ணிலிருந்து போன படத்தின் எண்ணைக் கழித்தால் நாம் கொடுக்க வேண்டிய கணக்கு. யாரோடு பேசினோம், எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம் என்ற விவரம் எதுவும் அந்த மீட்டருக்குத் தெரியாது. அது ஒரே ஓர் எண்ணைத்தான் அறியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நூறு, நூற்றைம்பது ரூபாய் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கில் பில் வரும். "வீட்டைப் பூட்டிக்கொண்டு காசிக்குப் போயிருந்தோமே!" என்று பெரியவர் சொல்வார். "மீட்டர் அப்படித்தான் சொல்கிறது" என்று பதில் வரும். பணம் கட்டாவிட்டால் இணைப்புப் போகும். பத்து வருஷம் காத்து வாங்கின இணைப்பு. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுவார்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். அங்கேதான் சரித்திரம் வேடிக்கை காட்டுகிறது. டெலிபோனை ஆண்டது 1885-ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம். செய்தி போய்ச் சேராவிட்டால் அதனால் வரும் நஷ்டத்துக்குச் சர்க்கார் பொறுப்பல்ல என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. 1957-ல் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். டெலிபோனைப் பற்றிச் சந்தாதாரருக்கும் இலாகாவுக்கும் தகராறு வந்தால் மத்தியஸ்தர் ஒருவர் தீர்த்துவைப்பார். அந்த மத்தியஸ்தரை மத்திய சர்க்கார் நியமிக்கும். அவர் தீர்ப்பே முடிவு. எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்கக் கூடாது. டெலிபோன் சர்க்காருடையது, பில் சர்க்காருடையது, நீதிபதியும் சர்க்கார் அனுப்புகிறவர்! மாமியார் மேல் உள்ள குறையை மாமியாரின் தமையனாரிடம் சொல்லும்படி மருமகளுக்கு உத்தரவு போட்டது போல இருந்தது ஏற்பாடு.

1980-ல் நாடு முழுவதும் 25 லட்சத்துக்கும் குறைவான டெலிபோன்களே இருந்தன. ஏழெட்டு வருஷம் காத்திருப்பது சகஜம். அந்த நாட்களில் செய்தித் தொடர்பு மந்திரியாக இருந்த சி. எம். ஸ்டீபன், டெலிபோன் ஆடம்பரமே தவிர உரிமை அல்ல என்றும், திருப்தி இல்லாதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் பார்லிமெண்டில் சொன்னதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். வாங்கிக்கொள்ள வெளியே நீண்ட வரிசை நிற்கிறதே! கேட்பவருக்கு வேறு கடை இல்லாதபோது கடைக்காரர் இப்படித்தான் பேசுவார். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செத்துப் போன டெலிபோன்களைத் தூக்கிக்கொண்டு சவ ஊர்வலம் நடத்தியதைப் பார்த்ததாகச் சாம் பிட்ரோடா எழுதியிருக்கிறார். 1984-ல் ஏற்பட்ட 'சி-டாட்' என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் முன்னின்று உழைத்தவர் அவர். நம்முடைய வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற எக்ஸ்சேஞ்சுகள் அங்கே உருவாயின. தெருமுனைகளில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ். டி. டி. கடைகள் முளைத்தன. தேசத்துக்குப் பேச வந்தது.

ஆனால் புகார்? 1986 டிசம்பர் 24-ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வக்கீல் இல்லாமல், அதிகச் செலவில்லாமல் மனுக் கொடுக்கலாம் என்றதும் டெலிபோன்காரர்கள் நுகர்வோர் மன்றங்களுக்குப் படையெடுத்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிற்று. பில் தகராறில் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் சொல்லாமல், "கட்டு" என்று சொன்னால் மட்டும் போதாது. இவ்வளவு எளிய நியாயத்துக்கு 1957-லிருந்து 39 வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு சறுக்கல். கேரளத்தில் ஒருவருக்குப் பில் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கவும், 5,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2009 செப்டம்பரில், தந்திச் சட்டத்தில் மத்தியஸ்த வழி இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. திறந்த கதவு சாத்தப்பட்டது.

அதற்குள் ஜனங்கள் வேறொரு கதவைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1995-ல் செல்போன் வந்தது. 2006 வாக்கில் ஐந்து கோடியை எட்டிய வீட்டு டெலிபோன்கள் அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போய்ச் சுமார் இரண்டு கோடியாயின. பழுதைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால் ஏழு நாள் வாடகையும், ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்து நாளுக்கு மேல் ஆனால் ஒரு மாத வாடகையும் தள்ளித் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் நம்முடைய தாத்தாக்களுக்கு வேண்டியிருந்தபோது அது இல்லை. அது வந்தபோது பேரன்கள் கருவியையே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மந்திரி சொன்னதாகச் சொல்லப்படும் யோசனையைக் கடைசியில் ஜனங்கள் நிறைவேற்றிவிட்டார்கள்!

சாத்தின கதவு மறுபடி திறந்த விதம்தான் எல்லாவற்றிலும் ரசமானது. ஆமதாபாத்தில் ஒரு செல்போன்காரருக்கு மாதம் 555 ரூபாய் அளவில் வந்துகொண்டிருந்த பில் 2013-ல் 24,609 ரூபாயாக வந்தது. அவர் விடவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில், தந்திச் சட்டத்தின் மத்தியஸ்த வழி நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1885-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்த தேதியும் டிசம்பர் 24. பழைய சந்தாதாரர் கேட்டு அலுத்துப் போன நியாயத்தை அவர் பேரனின் சட்டைப்பையில் இருந்த கருவி வாங்கிக் கொடுத்தது.

சரி, இப்போதாவது காது முளைத்துவிட்டதா? புகார் சொல்லக் கூப்பிட்டால் பதிவு செய்து வைத்த ஒரு குரல், தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொல்கிறது; பில்லுக்கு இரண்டை அமுக்கச் சொல்கிறது. உங்கள் அழைப்பு மிகவும் முக்கியம் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு வாத்தியம் வாசிக்கிறது. ஆபரேட்டரே வேண்டாம் என்று ஸ்ட்ரௌஜர் பாடுபட்டார். இன்றைக்கு நாமோ அந்த வாத்தியத்துக்குப் பின்னால் ஓர் ஆபரேட்டர் இருக்க மாட்டாரா என்று தேடுகிறோம்.

யந்திரம் எதுவானாலும் சந்தாதாரர் கேட்பது எப்போதும் ஒன்றுதான். பழுது வரக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மழை பெய்யும், கேபிள் ஊறும் என்பது அவருக்கும் தெரியும். தாம் சொன்னதை ஒரு மனிதர் கேட்டார், கேட்டவர் காரணத்தோடு பதில் சொன்னார் என்று தெரிந்தால் அவருக்குப் போதும். உச்ச நீதிமன்றம் 1996-ல் மத்தியஸ்தரிடம் கேட்டதும் அவ்வளவுதான். அடுத்த முறை ஓர் எண்ணை மட்டும் அச்சடித்து ஒரு பில் வந்தால், உடனே பணப்பெட்டியைத் திறக்க வேண்டாம். பேனாவை எடுத்து, "எப்படி வந்தது இந்த எண்?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு வரியைக் கேட்கும் உரிமைக்காக நமக்கு முன்னால் மூன்று தலைமுறை காத்திருந்தது.